இடது பெட்டி

வலது ஸ்பீக்கர் பெட்டி முடிந்துவிட்டது. பின்பலகையை மூடித் திருகாணிகளை முறுக்கி, அலமாரிக்குப் பக்கத்தில் அதன் பழைய இடத்திலேயே நிறுத்தியாயிற்று. இடது பெட்டி கட்டிலில், பழைய போர்வை மேல் குப்புறக் கிடக்கிறது. அதன் பின்பலகையைக் கழற்றிவிட்டேன். உள்ளே திணித்திருந்த பஞ்சு பாதி வெளியே தொங்குகிறது. பஞ்சுக்கு அடியில் அந்த இரண்டு கண்டன்சர்களும் தெரிகின்றன, பழுப்புப் பசை போட்டு ஒட்டி, கடல்காற்று பட்டுக் கால்களில் பச்சை பூத்து. ஈயம் பற்றவைக்கிற இரும்பு சூடாகிவிட்டது. ஈயத்தைத் தொட்டால் போதும், உருகும். தொட வேண்டியதுதான். ஆனால் தொட்டுவிட்டால் பழசு என்று எதுவும் மிச்சமிருக்காது. இந்த நிமிஷம் வலதில் புதுசு, இடதில் பழசு. இப்போதே இரண்டையும் ஆம்ப்ளிஃபயரில் மாட்டி ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டால், எது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடும். அதனால்தான் தெக்கிளா, இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு தொடவும் மாட்டேன், கீழே வைக்கவும் மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாய். முடித்துவிடலாம். இரண்டையும் மாற்றிவிட்டு ஒரேயடியாகப் போட்டுப் பார்க்கலாம், அதுதானே முறை, பாதி வேலையில் யார் சோதனை செய்வார்கள்? செய்வார்கள். பாலிடெக்னிக் லேபில் பிள்ளைகளிடம் தினமும் நான் சொல்வதே அதுதான். ஒன்றை மாற்று, ஒன்றை மாற்றாமல் வை, இரண்டையும் ஒப்பிடு, அப்புறம் பேசு.

வெயில் சன்னல் கம்பிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஐந்து மணிக்கு மாதா கோயிலில் என் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. செல்சியா வருவாளா? வருவாள், வராமல் எங்கே போவாள். போன சனிக்கிழமை எல்லார் முன்னாலும் அவளைச் சொல்லிவிட்டேன், 'அடுத்த வாரமும் இப்படியே பாடினா தனிப்பாட்டு வேற ஆளுக்குப் போயிரும்' என்று. அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை முடித்து, அந்த மருந்து வாசனையோடு மூச்சிரைக்க ஓடிவருகிற பெண். திருநாள் பூசையில் அந்த முதல் நாலு வரியைத் தனியாகப் பாடவேண்டியவள். 'வாசல் திறந்தீரே நேசரே.' இதில் என்ன கஷ்டம்? நேசரே என்று சொல்லத் தெரியாதா? 'நேரே நேரேங்குற, செல்சியா. சானாவ முழுங்காத. எங்க, சொல்லு.' அவள் சொன்னாள். 'மறுபடியும் முழுங்குற.' மறுபடியும் சொன்னாள். ஏழெட்டுத் தடவை சொல்லவைத்தேன். கடைசியில் அவள் குரல் உடைந்து, 'டீச்சர், நான் சொல்லிட்டுத்தான் இருக்கேன்' என்றாள். நான் மற்றவர்களைப் பார்த்தேன். ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை, ஆர்மோனியத்தில் இருந்தவர் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவள் தப்பாகப் பாடினால் அவளைத்தானே பார்க்கவேண்டும்? ஏன் தரையைப் பார்த்தார்கள்? அந்தத் தரைதான் ஒரு வாரமாக என்னை உறங்கவிடவில்லை. சிவப்பும் வெள்ளையுமாக அந்தப் பழைய தளக்கல்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தட்டு போட்டேன். மனசு சரியில்லாவிட்டால் நான் போடுகிற பாட்டு அது, பக்கவாத்தியம் அதிகமில்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடுவது. போட்டதும் தெரிந்தது. மழுங்கிக் கிடந்தது. குரலுக்கு மேல் யாரோ கம்பளியைப் போர்த்திவிட்ட மாதிரி. அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஆமாம், சந்தோஷம்தான், வேறென்ன சொல்ல. ஸ்பீக்கர் போயிருக்கிறது. கண்டன்சர் காய்ந்திருக்கிறது. மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கர்தான் மெலிந்த, கூர்மையான சத்தங்களைப் பாடும். அதற்குப் போகிற வழியில் இந்தக் கண்டன்சர் காவல் நிற்கிறது, கனத்த சத்தத்தை நிறுத்திவிட்டு மெலிந்ததை மட்டும் உள்ளே விடும். வயதானால் உள்ளே ஈரம் காய்ந்து மெலிந்ததையும் சரியாக விடாது. பாட்டில் 'ச'வும் 'ஸ்'ஸும் மங்கிப்போகும். எத்தனை வருசத்துப் பெட்டி! என் வீட்டுக்காரர் எவரிஸ்ட் கப்பலில் எஞ்சின் ரூமில் இருந்தபோது ஏதோ ஒரு துறைமுகத்தில், கப்பல்காரர்களுக்கான பழைய சாமான் கடையில் வாங்கி, தன் பங்க் படுக்கையில் பெட்டிகளைப் படுக்கப்போட்டு, தான் தரையில் படுத்து ஊர்வரை கொண்டுவந்தது. காய்ந்திருக்காதா? கட்டாயம் காய்ந்திருக்கும். புதுசுக்கு அன்றைக்கே ஆர்டர் போட்டேன். ஆனால் பெட்டியில் கண்டன்சர் காய்ந்தால் கோயிலில் செல்சியாவின் வாயில் எப்படிச் சானா காணாமல் போகும்? அந்தக் கேள்வி வந்ததும் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். கோயில் மைக்கும் பழசுதான். அதிலும் ஏதாவது இருக்கும்.

லேப் ஸ்பீக்கரும் பழசுதான். வருசா வருசம் முதல் செமஸ்டர் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுப்பேன். மெஷினில் ஒரு சத்தத்தின் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவது, ஊசிமுனை மாதிரி மெலிந்துகொண்டே போகும், கேட்காமல்போகிறவர்கள் கையை இறக்கவேண்டும். சிரிப்பும் கூத்துமாக இருக்கும். எப்போதும் என் கைதான் முதலில் இறங்கும், 'டீச்சருக்கு வயசாயிட்டு' என்பார்கள், நானும் சிரிப்பேன். வயதானால் உச்சத்தில் கொஞ்சம் போகும், எல்லாருக்கும் போகும். இந்த வருசம் என் கை இறங்கிய பிறகு வெகுநேரம் எல்லார் கையும் மேலேயே இருந்தது. அறை முழுக்கக் கைகள். எனக்கு எதுவுமே கேட்காத ஒன்றை அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு. நான் மெஷினை நிறுத்திவிட்டு 'ஸ்பீக்கர் கோளாறு' என்றேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

மீட்டர் பைக்குள் இருக்கிறது. லேபிலிருந்து கையெழுத்துப் போட்டு எடுத்துவந்ததுதான். நேற்றிலிருந்து பை நாற்காலியில் தொங்குகிறது. வலது பெட்டியில் கழற்றிய பழைய கண்டன்சர்கள் இந்தச் சாசரில் கிடக்கின்றன, இரண்டு செத்த வண்டு மாதிரி. மீட்டர் முனையை இரண்டு காலிலும் வைத்தால் நம்பர் சொல்லிவிடும், நல்லதா கெட்டதா என்று. நல்லது என்று சொல்லிவிட்டால்? கண்டன்சரில் கோளாறே இல்லை, பெட்டி அன்றும் இன்றும் ஒழுங்காகத்தான் பாடுகிறது என்று சொல்லிவிட்டால்? அப்போது கம்பளி எங்கே இருக்கிறது? இரும்பின் நுனியில் ஈயம் ஒரு துளி திரண்டு நிற்கிறது, கை நடுங்கினால் போர்வையில் விழும், போர்வை கருகும். கை நடுங்கவில்லை. இந்தக் கையில் குறை சொல்ல முடியாது. மாதா கோயிலில் நான் கையை உயர்த்தினால் முப்பத்துச் சொச்சம் பேர் மூச்சை இழுப்பார்கள், இறக்கினால் நிறுத்துவார்கள். காது இல்லாத கைக்கு யார் பாடுவார்கள்? பாடுவார்கள், மரியாதைக்குப் பாடுவார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு பாடுவார்கள். நான் 'அருமை' என்பேன். கோயில் வாசலில் ஆள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

படியில் எவரிஸ்ட் வருகிற அதிர்வு காலில் தெரிந்தது. இரண்டு கையிலும் டீ. மனுசனுக்கு எஞ்சின் ரூம் காதைத் தின்றுவிட்டது. ரிட்டயர் ஆகி வந்ததும் மெஷின் மாட்டிவிட்டேன், இரண்டு காதுக்கும். வேண்டாம் வேண்டாம் என்றவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கல்யாண வீடு, வங்கி, ஆஸ்பத்திரி எங்கே போனாலும் அவருக்கு நான்தான் காது. எதிராளி சொல்வதைத் திருப்பிச் சொல்வேன், கொஞ்சம் அலுப்போடு, கொஞ்சம் பெருமையோடும்தான்.

"இன்னும் முடியலையா?"

"ஒண்ணு முடிஞ்சிட்டு."

"அப்போ போட்டுக் காட்டேன், கேப்போம்."

"ரெண்டும் முடியட்டும். சும்மா அவசரப்படுத்தாதீங்க."

ஏன் அப்படிச் சீறினேன்? அவர் டீயை வைத்துவிட்டு மோடாவில் உட்கார்ந்தார். நான் இரும்பைத் தாங்கியில் வைத்துவிட்டு டம்ளரை எடுத்தேன். காதுக்குள் விரலை விட்டு மெஷினைச் சரி செய்துகொண்டார். "இது இப்பம் நல்லாருக்கு பாத்துக்க. முன்னாடியெல்லாம் ஊளையிடுது, ஊளையிடுதுன்னு நீ சத்தம் போடுவேல்லா. இப்பம் நீ ஒண்ணுமே சொல்றதில்லை. பேட்டரி மாத்துனதுல சரியாயிட்டு போல." டம்ளர் என் உதட்டருகே போய் அப்படியே நின்றது. அந்த மெஷினைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் விசில் அடிக்கும். அவருக்கே கேட்காது. நான்தான் பக்கத்து அறையிலிருந்து கத்துவேன். கடைசியாக எப்போது கத்தினேன்? போன கிறிஸ்துமஸுக்கு மகள் வந்திருந்தபோது, 'ஏம்மா, அப்பா மெஷின் இப்படிக் கத்துது, நீ பாட்டுக்கு இருக்கியே' என்றாள். நான் 'பழகிப்போச்சுட்டி' என்றேன். பழகிப்போச்சு. எப்படி வந்தது அந்தப் பதில், யோசிக்காமல், அவ்வளவு லாகவமாக?

நான் பையை எடுத்தேன். எடுத்தது எப்படி என்று தெரியவில்லை, கை போய் எடுத்தது. மீட்டரை ஆன் செய்தேன். சாசரிலிருந்து ஒரு பழைய கண்டன்சரை எடுத்துக் காலைச் சுரண்டி, முனைகளை வைத்தேன். நம்பர் ஓடியது, நின்றது. திருப்பி வைத்துப் பார்த்தேன். மற்றதை எடுத்தேன். அதுவும் அப்படியே. உடம்பில் எழுதியிருந்ததற்கும் மீட்டர் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. செத்தது. நன்றாகச் செத்தது, காய்ந்து கருவாடானது.

"போயிருக்குங்க!" என்று கத்தியே விட்டேன். "ரெண்டும் போயிருக்கு! கண்டன்சர்தான். நான் சொன்னேன்லா, பெட்டிதான் கோளாறுன்னு!"

எவரிஸ்ட் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீ யாருகிட்ட சொன்ன? என்கிட்ட சொல்லலியே."

யாரிடமும் சொல்லவில்லைதான். பரவாயில்லை. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், இடது பெட்டியின் பஞ்சை உள்ளே தள்ளி, பின்பலகையைச் சும்மா பொருத்தி இரண்டு திருகாணி மட்டும் போட்டேன். அவரும் நானுமாகத் தூக்கி அதன் இடத்தில் வைத்தோம். இப்போது போட்டுப் பார்க்கலாம், இப்போது என்ன பயம்? மீட்டரே சொல்லிவிட்டது. கம்பளி பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது. செல்சியா விஷயம் வேறு, அவள் முழுங்குகிறாள், இளசுகள் எல்லாம் இப்போது முழுங்கித்தான் பேசுகின்றன. லேப் ஸ்பீக்கருக்கும் கண்டன்சர் மாற்றவேண்டும், திங்கட்கிழமையே மாற்றவேண்டும். கம்பிகளை மாட்டினேன். தட்டைத் துடைத்து வைத்தேன். இரண்டு பெட்டிக்கும் ஒரே சத்தம் போகிற மாதிரி மோனோ பொத்தானை அழுத்தினேன். ஊசியை இறக்கினேன்.

பேலன்ஸ் குமிழை முழுசாக இடப்பக்கம் திருகினேன். பழைய கண்டன்சர். அதே கம்பளி, அதே மழுங்கல், தெரிந்த மழுங்கல். ஒரு வரி முடியட்டும் என்று காத்திருந்தேன். வலப்பக்கம் திருகினேன்.

சத்தம் அங்கிருந்து இங்கே நகர்ந்தது. அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும். சிலநேரம் உடனே தெரியாது. புதுக் கண்டன்சர் பழகச் சற்று நேரம் எடுக்கும் என்பார்கள், நான் அதை நம்பாதவள், இப்போது நம்பினேன். இடது. வலது. ஜன்னலோரத்திலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து ஜன்னலோரத்துக்கு, அந்தப் பெண் அதே கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய்ப் போய் வந்தாள். ஈயம் சரியாகப் பிடிக்கவில்லையோ? கம்பி மாறிவிட்டதோ? கழற்றி மறுபடி மாட்டலாம். அப்போதுதான் எவரிஸ்டின் முகத்தைப் பார்த்தேன். வலப்பக்கம் வந்தபோது அவர் மோடாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாய் லேசாகத் திறந்தது. நான் இடப்பக்கம் திருகினேன், அந்த முகம் அணைந்தது. வலப்பக்கம், விழித்தது. இடது. வலது. மீட்டர் முள் மாதிரி அந்த முகம் ஏறி இறங்கியது. பாட்டு என்றால் எதுவென்றே தெரியாத மனுசன், பாட்டுப் போட்டால் பேப்பர் படிக்கிற மனுசன். இதைவிட நேர்மையான மீட்டர் லேபில் கிடையாது.

"யப்பா, இது வேற பாட்டுல்லா!" என்றார். "இந்தப் பக்கம் கண்ணாடியத் தொடச்ச மாதிரி இருக்கு. கேக்கா தெக்கிளா?"

கேட்கிறது என்று சொல்ல வாய் வந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஆமாங்க, அருமையா இருக்கு. சொல்லிவிட்டு இடதையும் மாற்றிவிட்டால் முடிந்தது. ஒப்பிட எதுவும் இருக்காது. ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய்க் கையை உயர்த்தலாம். தனிப்பாட்டை வேறு பெண்ணுக்குக் கொடுக்கலாம். அவள் பாடினாலும் சானா இருக்காது, அவளையும் ஏழெட்டுத் தடவை சொல்லவைக்கலாம். ஒருத்தி ஒருத்தியாக எல்லாரையும் அழவைக்கலாம். தரையைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

"எனக்குக் கேக்கலங்க," என்றேன்.

"சத்தம் கூட்டட்டா?"

"சத்தம் கேக்கு. வித்தியாசம் கேக்கல. உங்களுக்குக் கேக்குறது எனக்குக் கேக்கல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், இந்த வீட்டில் செவிடு நான்தானே என்று. சிரிக்கவில்லை. மோடாவை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். நான் குமிழை வலப்பக்கத்திலேயே விட்டுவிட்டேன். "அங்க என்ன கேக்குன்னு சொல்லுங்க," என்றேன். "எனக்கு எப்படிச் சொல்லத் தெரியும்," என்றார். "தெரிஞ்சதச் சொல்லுங்க." அவர் தலையைச் சாய்த்து, கப்பலில் எஞ்சினைக் கேட்டிருப்பாரே அந்த மாதிரி, கண்ணை இடுக்கிக் கேட்டார். "அந்தப் பிள்ள மூச்சு எடுக்கா. ஒவ்வொரு வரிக்கும் முன்னால எடுக்கா. அப்புறம்... பக்கத்துல எவனோ தாளத்தத் தட்டுதான், தட்டுனதுக்கு அப்புறமும் அது ஸ்ஸுன்னு இழுக்கு. அப்புறம் ச வாற எடத்துல எல்லாம், எப்படிச் சொல்ல, பல்லுக்கு நடுவுல காத்துப் போற மாதிரி. தெளிவா இருக்கு. ஒவ்வொண்ணும் தெளிவா இருக்கு." மூச்சு. அவள் மூச்சு எடுப்பாள், ஆமாம். மூன்றாவது வரிக்கு முன்னால் கொஞ்சம் அவசரமாக எடுப்பாள், அதைக் கேட்டுத்தான் நானே மூச்சு எடுக்கக் கற்றேன். அது எப்போது போனது? ஒரு நாள் இருந்து மறுநாள் இல்லாமல் போயிருந்தால் தேடியிருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, நான் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்கள் மேல் குற்றம் சொல்லியிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. "இப்பம்?" என்றேன். "இப்பமும் மூச்சு எடுத்தா," என்றார்.

பாட்டு முடிவதற்குள் போன் அதிர்ந்தது. செல்சியா. எவரிஸ்ட் எழுந்துபோய்த் தட்டை நிறுத்தினார். போனை ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே பிடித்தேன்.

"டீச்சர், நான் இன்னைக்கு வரல. தொண்ட கட்டியிருக்கு." குரல் கட்டவில்லை. நன்றாகத்தான் இருந்தது. அழுத குரல், அது மட்டும் தெரிந்தது. "தனிப்பாட்ட நீங்க வேற யாருக்காச்சும் குடுத்திருங்க டீச்சர். பரவால்ல."

"செல்சியா, கேளு. நீ சரியாத்தான் பாடுன. அன்னைக்கும் சரியாத்தான் பாடுன. என் காதுலதான் கோளாறு. எனக்குச் சானா கேக்க மாட்டேங்குது. இப்பம்தான் தெரிஞ்சுது." தெரிஞ்சுது இல்லை, ஒத்துக்கொண்டேன். ஆனால் அதைப் போனில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "எல்லார் முன்னாலயும் உன்னச் சொன்னேன். எல்லார் முன்னாலயும் இதையும் சொல்றேன். பாடுறது நீதான். நான் கை காட்டுறதா வேண்டாமான்னு நீங்க எல்லாரும் பேசிச் சொல்லுங்க. நாளைக்கழிச்சு காது டாக்டர்கிட்ட போறேன்."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன். அப்புறம் அவள் ஏதோ சொன்னாள். சின்னதாக, வேகமாக. எனக்குப் பிடிபடவில்லை. மன்னிக்கிறாளா, திட்டுகிறாளா, நீங்கள் விலகிக்கொள்வதுதான் நல்லது என்கிறாளா? இந்த ஒரு வருசமாக இப்படிப் பிடிபடாமல் போன ஒவ்வொன்றுக்கும் நான் 'சரி, சரி' என்று தலையாட்டியிருக்கிறேன். எதற்கெல்லாம் சரி சொல்லியிருக்கிறேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். எவரிஸ்ட் எனக்குத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"என்ன சொன்ன? எனக்குக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லும்மா."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். மறுபடியும் பாதிதான் கிடைத்தது. "இன்னும் மெதுவா," என்றேன், வெட்கம் காது மடல்வரை சுட்டது. மூன்றாவது தடவை அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்து, கிளினிக்கில் வயசானவர்களிடம் பேசுவாளே அப்படி, சத்தமாகச் சொன்னாள்:

"திருநாளுக்குப் பொம்பளப் பிள்ளைகளுக்கு என்ன கலர் சேலைன்னு கேட்டேன் டீச்சர்."

"நீலம்," என்றேன். "அஞ்சு மணிக்கு வந்துரு."

"அஞ்சே காலாயிரும் டீச்சர். பஸ் பிடிக்கணும்," என்றாள். இது முதல் தடவையிலேயே கேட்டது.